வெள்ளிக்கிழமைகளில் ஆரிகன்

ஜனவரி 2, வெள்ளி

டயரி எழுதுகிற ஆள் நான் இல்லை. கல்லூரியில் ஒருமுறை ஆரம்பித்து, விடுதிச் சாப்பாட்டைத் திட்டி மூன்று பக்கம் எழுதியதோடு சரி. இப்போது எழுதுவது வரிக்காக. ஜெபராஜ் சொல்லிவிட்டார்.

ஜெபராஜ் எங்கள் வரிக்கணக்கைப் பார்ப்பவர். நாகர்கோவில்காரர், காதில் மெஷின் வைத்திருப்பவர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பீவர்ட்டனில் அவர் அலுவலகம். ஆறு என்றால் கொலம்பியா ஆறு. இந்தக் கரையில் வாஷிங்டன் மாநிலம், வான்கூவர் ஊர், எங்கள் வீடு. அந்தக் கரையில் ஆரிகன் மாநிலம். நடுவில் பாலம். வாஷிங்டனில் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது. ஆரிகனில் உண்டு, அதுவும் நூற்றுக்கு எட்டு, ஒன்பது என்று வலிக்கிற மாதிரி. ஆனால் ஆரிகனில் சாமான் வாங்கினால் விற்பனை வரி இல்லை, இங்கே உண்டு. புத்தியுள்ள தமிழன் என்ன செய்வான்? இங்கே வீடு வாங்குவான், அங்கே போய் இட்லிக் கொப்பரை வாங்குவான். நாங்கள் பல வருஷமாக அப்படித்தான். அங்கே வாங்கி இங்கே உபயோகித்தால் அதற்கும் இங்கே ஒரு வரி இருக்கிறது என்று ஜெபராஜ் ஒருமுறை ஆரம்பித்தார். நான் மழையைப் பற்றிப் பேசினேன்.

விஷயம் இதுதான். என் மனைவி சங்கரேஸ்வரி பீவர்ட்டனில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். செவ்வாய், புதன் கட்டாயம் ஆபீஸ் போக வேண்டும். மற்ற மூன்று நாள் அவள் இஷ்டம். ஆரிகனில் உட்கார்ந்து வேலை பார்த்த நாளுக்குத்தான் ஆரிகனுக்கு வரி. வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இல்லை. "எந்த நாளு எங்கன்னு தெனமும் எழுதி வையுங்க சார். கேட்டா காட்டணும்" என்றார் ஜெபராஜ். எழுத வேண்டியவள் சங்கரி. அவளோ, "எனக்கு வேற வேலை இல்லையா" என்று டயரியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

நல்லதாகப் போயிற்று. இந்த மாதிரி விஷயத்துக்கு என்னைப் போல் ஒரு ஆள் வேண்டும்.

ஜனவரி 5, திங்கள்

சங்கரி: வாஷிங்டன்.

முதல் நாளே வெற்றி. எனக்கு ஆபீஸ் சியாட்டிலில் என்றாலும் கோவிட் காலத்திலிருந்து முழுக்க வீட்டில்தான் வேலை. கப்பலில் வருகிற சரக்குப் பெட்டிகள் எங்கே மாட்டிக்கொண்டு நிற்கின்றன என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். பாதி நாள் போனில் போகும். சாப்பாட்டு மேசைதான் என் இடம். சங்கரிக்கு மாடியில் பாரியின் அறையை ஒதுக்கிக் கொடுத்தேன். பாரி எங்கள் மகன். ஆகஸ்டில் அரிசோனாவுக்குப் படிக்கப் போய்விட்டான்.

தனியாகக் கிடக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றக் கூடாது. அதனால் அவ்வப்போது மேலே போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். டீ கொடுக்க ஒருமுறை, முறுக்கு கொடுக்க ஒருமுறை, மற்றபடி சும்மா. நாற்காலி உயரம் சரியில்லை என்று பட்டது. அவள் உட்கார்ந்திருக்கும்போதே சரிசெய்து கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். காற்றோட்டம் வேண்டாமா என்று அகலமாகத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

சங்கரி: ஆரிகன். கட்டாய நாள். ரசம் வைத்தேன், மீந்துவிட்டது.

ஜனவரி 9, வெள்ளி

சங்கரி: ஆரிகன்.

இன்று கட்டாய நாள் அல்ல. "கொஞ்சம் வேலை கெடக்குங்க, அங்க போனாத்தான் முடியும்" என்றாள். வேலை லேப்டாப்பில் இருக்கிறது, லேப்டாப் இங்கே இருக்கிறது, நீயும் இங்கே இருக்கிறாய், அப்புறம் என்ன என்று எடுத்துச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் காரேஜ் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

ஜனவரி 15, வியாழன்

சங்கரி: வாஷிங்டன். பொங்கல்.

பால் பொங்குகிற நேரம் பார்த்து அவளுக்கு மீட்டிங். பொங்குகிற பாலை மீட்டிங் முடியும்வரை நிற்கச் சொல்ல முடியுமா? நான் மட்டும் அடுப்பங்கரையில் நின்று "பொங்கலோ பொங்கல்" என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. மீட்டிங்கில் இருந்த ஒரு வெள்ளைக்காரர், வீட்டில் யாருக்காவது ஆபத்தா, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாராம்.

என் குரல் அப்படி. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறி ஓடும். தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்டால்தான் தட்டில் இரண்டாவது தோசை விழும். எங்கள் தெரு முழுக்க இதே குரல்தான், அதனால் அங்கே யாருக்கும் ரகசியம் கிடையாது. சங்கரியின் அப்பா விருதுநகரில் நூலகர். அந்த வீட்டில் கரண்டி கீழே விழுந்தால்கூட மெதுவாக விழும். கல்யாணமான புதிதில் நான் போனால் மாமா வாசலைத் தாண்டி வந்து, தெருவிலேயே நின்று பேசி அனுப்புவார். என்ன மரியாதை.

ஜனவரி 16, வெள்ளி

சங்கரி: ஆரிகன். பிரிண்டர் வேண்டுமாம். நம் வீட்டில் பிரிண்டர் இருக்கிறது.

ஜனவரி 21, புதன்

சங்கரி: ஆரிகன். ஆனால் இதில் ஒரு சிக்கல்.

ஜெபராஜிடம் காகிதங்கள் கொடுக்க வேண்டியிருந்ததால் நானும் அவள் காரில் போனேன். பாலத்தில் ஏறியதும் கப்பல் வருகிறது என்று நடுப்பகுதியைத் தூக்கிவிட்டார்கள். பழைய பாலம் அது. பெரிய கப்பல் வந்தால் ரோடே மேலே போகும், கார்கள் அத்தனையும் நிற்கும். அந்த நேரத்தில் சங்கரிக்கு மீட்டிங். போனை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரே பதைப்பு. வேலை நடக்கிறது, சரி, எந்த மாநிலத்தில் நடக்கிறது? இறங்கி முன்னால் போய் எட்டிப் பார்த்தேன். எல்லை இன்னும் தள்ளித்தான் இருப்பதாகப் பட்டது. ஓடி வந்து ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டு, "சங்கரி, நாம இன்னும் வாஷிங்டன்லதான் நிக்கோம்! பேச வேண்டியத எல்லாம் இப்பவே பேசி முடிச்சிரு!" என்றேன்.

மீட்டிங்கில் பெரிய அதிகாரிகள் எல்லாம் இருந்தார்களாம். ஒருவருக்குத் தமிழ் தெரியுமாம். அவர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்.

பாலம் இறங்கி, ஆற்றைத் தாண்டி, பீவர்ட்டன் வரும்வரை சங்கரி வாயைத் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குச் சிரமமே இல்லை, எனக்குத்தான் சிரமம். ஜெபராஜிடம் சந்தேகத்தைக் கேட்டேன். காது மெஷினைத் திருகிக்கொண்டு, "நாள் கணக்குதான் சார். பாலத்துல நின்ன கணக்க எந்த மாநிலமும் கேக்காது" என்றார். பிறகு சங்கரி நலமா என்று விசாரித்தார். ஏன் விசாரித்தார் என்று தெரியவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

சங்கரி: ஆரிகன். இன்று காரணமே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூரையோரத்து மழைநீர்த் தகரக் குழாயில் அடைத்திருந்த இலைகளை எடுத்துப் போட்டேன். பக்கத்து வீட்டு நாய் கொஞ்ச நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 5, வியாழன்

சங்கரி: ஆரிகன். வியாழனும் போயிற்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

பாரி போன் செய்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாங்குகிற சம்பளத்தை ஆரிகன்காரன் எப்படிக் கரைக்கிறான் என்று விளக்கமாகச் சொன்னேன். நடுவில் அவன் கேட்டான்.

"அப்பா, அம்மா ஏன் வெள்ளிக்கிழமை போறாங்கன்னு உங்களுக்கு நெஜமாவே தெரியலையா?"

"வேலைன்னு சொல்றா."

"நான் ஏம்ப்பா அரிசோனாவுக்கு வந்தேன்?"

"ஸ்காலர்ஷிப் குடுத்தாங்க."

"ம். அதுவும்தான்" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். அங்கே நல்ல வெயில். அதைத்தான் சொல்கிறான்.

பிப்ரவரி 13, வெள்ளி

சங்கரி: ஆரிகன்.

நேற்றிரவு அவள் அக்காவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை எங்க ஆபீஸ்ல ஒரு ஈ காக்கா இருக்காதுக்கா" என்று. அதைச் சொன்னபோது அவள் குரலில் ஒரு குஷி. யாரும் வராத ஆபீஸுக்கு ஒருத்தி எதற்காகப் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போகிறாள்?

எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 19, வியாழன்

சங்கரி: ஆரிகன்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். விருப்பப்பட்டவர்கள் ஐந்து நாளும் ஆபீஸுக்கே வரலாமாம். ஜன்னலோரமாக நிரந்தரமாக ஒரு மேசை தருவார்களாம். மார்ச் நடுவுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"நான் சரின்னு சொல்லலாம்னு இருக்கேன்."

"அஞ்சு நாளும் வரி!" என்றேன்.

"ஆமா."

"சம்பளத்துல பன்னெண்டுல ஒரு பங்கு ஆத்துக்கு அந்தப் பக்கமே போயிரும்."

"போகட்டுங்க."

கொத்தமல்லிக் கட்டு ஐந்து காசு ஏறினால் கடையையே மாற்றுகிறவள் சங்கரி. இருபத்திரண்டு வருஷத்தில் பணத்தைப் பார்த்து அவள் 'போகட்டும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அவள் தூங்கப் போன பிறகு கணக்குப் போட உட்கார்ந்தேன். தொகை பெரிதுதான். ஆனால் தொகையைப் பார்க்காமல் எதிரே இருந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரி உட்காருகிற நாற்காலி ஏற்கெனவே காலி. இனிமேல் திங்கள் முதல் வெள்ளிவரை இதுவும் காலி. இதை இங்கே எழுத வேண்டியதில்லை. வரிக்கு இது தேவைப்படாது.

பிப்ரவரி 27, வெள்ளி

சங்கரி: ஆரிகன்.

சாப்பாட்டுப் பையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று கிளம்பினேன். போகிற வழியெல்லாம் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

வாசலில் இருந்த காவல்காரப் பெண்மணி பையைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, தலையாட்டி மேலே அனுப்பினார். மாடி முழுக்க மேசைகள், ஒரு மனுஷர் இல்லை. பாதி விளக்கு எரியவில்லை. அந்தக் கோடியில் ஜன்னலோரம் சங்கரி மட்டும் இருந்தாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டும் இருந்தாள்.

பாட்டு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஏதோ ஒரு ராகத்தை இழுத்து இழுத்து, தனக்குத்தானே. ஆனால் நான் கேட்டதே இல்லை. பெண் பார்க்கப் போனபோது பெண் பாடுமா என்று என் அம்மா கேட்டதற்கு, "வீட்ல யாரும் இல்லாதப்ப பாடும்" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் இல்லாத நேரம் என்று அவளுக்கு ஒன்று வாய்க்கவே இல்லை.

பையை வைத்துவிட்டு ஓசைப்படாமல் போய்விடலாம் என்று நினைத்தேன். ஓசைப்படாமல் போக எனக்குத் தெரிந்தால்தானே. "சங்கரி" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவள் நாற்காலியோடு துள்ளிவிட்டாள்.

"யாரையும் காணோம்?"

"வெள்ளிக்கிழமை யாரும் வர மாட்டாங்க."

"பின்ன நீ எதுக்கு வார?"

"யாரும் வர மாட்டாங்கன்னுதான்."

இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். சாப்பிடும்போது அவள் பேசினாள். என்னைப் பேச விடாமல் அவள் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

"உங்க மேல கோபம்லாம் இல்லங்க. நல்லதுக்குத்தான் பேசுறீங்க. ஆனா காலையில எந்திரிச்சதுல இருந்து பேசுறீங்க. போன்ல பேசுறீங்க, அடுப்புகிட்ட பேசுறீங்க, ஒண்ணும் இல்லைன்னா ஏன் பேசாம இருக்கேன்னு மாடிக்கு வந்து கேக்குறீங்க. பாரி இருந்த வரைக்கும் நானும் அவனும் பாதிப் பாதியா கேட்டுக்கிட்டோம். இப்ப முழுசும் நான் ஒருத்திதான்."

"அதுக்கு வரி கட்டணுமா?"

"ஊசி நூல்ல இருந்து கட்டில் வரைக்கும் வரி இல்லாமத்தான் வாங்குறோம். எனக்குன்னு இது ஒண்ணுதான், கொஞ்சம் அமைதி. இத வரி கட்டியே வாங்கிக்கிறேனே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். கடைசி உருளைக்கிழங்குத் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னாள். அந்தத் துண்டைத் தின்றுவிட்டு டப்பாவை மூடினேன். திரும்பி வரும்போது பாலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் நான் மட்டும்தான் இருந்தேன் என்றாலும் அது எனக்குப் பெரிய விஷயம்.

மார்ச் 2, திங்கள்

சங்கரி: வாஷிங்டன்.

நாள் முழுக்க மெதுவாகப் பேசிப் பார்த்தேன். மேலாளர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து லீவு போடச் சொன்னார். ஒரு சரக்குப் பெட்டி தவறான துறைமுகத்துக்குப் போயிற்று. மாடிக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. படிக்கட்டில் பாதிவரை போனதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மார்ச் 5, வியாழன்

சங்கரி: வாஷிங்டன். நான் கேட்டுக்கொண்டதால். இன்று நீ வீட்டில் இரு, நான் வெளியே போய் வேலை பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

முதலில் ஊர் நூலகம். முதல் போன் முடிவதற்குள் நூலகப் பெண்மணி வந்து, பக்கத்தில் அழகான பூங்கா இருக்கிறது என்று வழி சொன்னார். வெளியே மழை. மாமா என்னைத் தெருவிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. புரிய இருபத்திரண்டு வருஷம்.

பிறகு காபிக் கடை. எதிர் மேசைக்காரர், உங்கள் பெட்டி ஓக்லண்டில் நிற்கிறது என்று இப்போது எனக்கும் தெரியும், போனில் இருக்கிற என் மனைவிக்கும் தெரியும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு எழுந்து போனார். கடைசியில் காரிலேயே உட்கார்ந்தேன். லேப்டாப்பில் சார்ஜ் தீர்ந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து காரேஜில் காரை நிறுத்தினால், உள்ளே பாட்டு. கதவைத் திறக்கவில்லை. பாட்டு முடிகிறவரை காருக்குள்ளேயே இருந்தேன். நன்றாகப் பாடுகிறாள். இவ்வளவு நாள் இது எங்கே இருந்தது?

மார்ச் 10, செவ்வாய்

சங்கரி: ஆரிகன். கட்டாய நாள். ஜெபராஜுக்குப் போன் செய்தேன். அவர் அலுவலகத்தின் பின்னறை சும்மாதான் கிடக்கிறதாம்.

மார்ச் 12, வியாழன்

சங்கரி: வாஷிங்டன்.

நான்: ஆரிகன்.

பின்னறையில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, போன வருஷத்துக் காலண்டர். இதுவரை பார்த்ததில் நல்ல ஆபீஸ் இதுதான்.

"நான் கொஞ்சம் சத்தமாப் பேசுவேன்" என்று முன்னதாகவே சொல்லிவிட்டேன்.

"பேசுங்க சார். வேலை நேரத்துல மெஷினக் கழத்தி வச்சிருவேன். வரி சீசன்ல கடவுள் எனக்குக் குடுத்த வரம் அது." பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். நீங்க இங்க உக்காந்து வேலை பாத்தா உங்க சம்பளத்துக்கும் ஆரிகன் வரி வரும். உங்க சம்பளம் அம்மாவோடதவிடக் கூடுதல். அதுக்கு அவங்க வாறதே லாபம்."

"தெரியும். வியாழன், வெள்ளி நான். செவ்வாய், புதன் அவ. எழுதிக்கோங்க."

"வாஷிங்டன்ல எடமே கெடைக்கலியா சார்?"

"என் குரலுக்குக் கெடைக்கல."

இத்தனை வருஷமாக என் காசைக் காப்பாற்றித் தருகிறவர், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

மதியம் சங்கரி போன் செய்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு" என்றேன். இந்த வாரம் முழுக்கப் பழகி வைத்திருக்கிற மெல்லிய குரலில் சொன்னேன். "வீடு எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்கு. காலையில பாடிக்கிட்டே வேலை பாத்தேன்." பிறகு சொன்னாள்: "அந்த ஜன்னலோர மேசை வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

"வரிக்காகவா?"

"இல்ல."

வேறெதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கவும் கொஞ்சம் பழகியிருக்கிறேன்.

"நாலு மணிக்கே கெளம்பிருங்க. பாலத்துல கூட்டமாயிரும்" என்றாள்.

"சரி."

"என்னங்க, ஏன் இப்படிப் பேசுறீங்க? யாரோ பேசுற மாதிரி இருக்கு. நீங்க பேசுற மாதிரி பேசுங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, எழுதினால் என்ன. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டில் தறி ஓடும்போது பேசுகிற குரலில், "நாலு மணிக்குக் கெளம்பிருவேன் சங்கரி! ரசம் வை!" என்றேன்.

முன்னறையிலிருந்து, மெஷின் இல்லாமலே, ஜெபராஜ் சொன்னார்: "கேக்குது சார், கேக்குது."